கண்டெடுத்தவர் தட்டிய சொற்கள்

மார்ச் மாதம் பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு, ஓர் அரசு மருத்துவமனையின் பெண்கள் பிரிவில் பணிபுரியும் செவிலி தம் கைப்பேசியில் தேடுபொறியைத் திறந்து ஒரு கேள்வியைத் தட்டினார். அக்கேள்விக்கு உரிய விடை இணையத்தில் ஒரு வாரமாக இருந்தது. அதை அங்கே இட்டவர்கள், எந்தப் பக்கத்தையும் தேடுபவர் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள். அப்படியிருந்தும் விடை அவருக்குக் காட்டப்படவில்லை. முறையீடு இவ்வளவே. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டியிருக்கிறது.

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்திய அலுவலகம் ஒரு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. மூன்று அறைகள். பல் மருத்துவர், குழாய்க்கடைக்காரர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் எனப் பலதரப்பட்டவர்கள் அங்கே வந்து, "தேடினா நம்ம பேருதான் முதல்ல வரணும்" என்பார்கள். மக்கள் தேடுபொறியில் என்னென்ன சொற்களைத் தட்டுகிறார்கள் என்று கண்டறிந்து, அச்சொற்களைப் பக்கத்தின் தலைப்பிலும் உள்ளேயும் பொருத்தி, அப்பக்கத்தைப் படிப்படியாக மேலே ஏற்றுவது இவர்கள் வேலை.

அக்கா புள்ளியியல் படித்தவள். எண் இல்லாத பேச்சு அவள் காதில் ஏறாது. ஒரு சொல்லை மாதத்துக்கு எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று கணித்துச் சொல்லும் கருவி ஒன்று அவள் கணினியில் எப்போதும் திறந்தே கிடக்கும். வாடிக்கையாளர்கள் தன்னைத் 'தராசு' என்று அழைப்பது அவளுக்குத் தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமையும் உண்டு. தம்பியோ இத்தொழிலுக்கு வருமுன் நான்காண்டுகள் மருந்துக்கடையில் நின்றவன். கடைக்கு வருபவர்களில் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பவர் பத்துக்கு ஒருவர். மற்றவர்கள், 'பாதியா உடைச்சுப் போடுற மஞ்ச மாத்திரை' என்றுதான் கேட்பார்கள். அவன் படித்த படிப்பு அதுதான்.

இருவருக்கும் வாரத்தில் நான்கு நாள்கள் ஒரே சண்டை.

"தேடுபொறி எப்படி வரிசைப்படுத்துதுன்னு அதை நடத்துறவன் வாயத் தொறக்கவே மாட்டான். மூடின பெட்டி. அதைத் தட்டித் தட்டிப் பாக்குறதுக்குப் பேரு விஞ்ஞானமாக்கா?" என்பான் தம்பி.

"தட்டுறப்ப என்ன சத்தம் வந்துச்சுன்னு எழுதி வச்சா விஞ்ஞானம்தான். நீ தட்டிட்டு டீ குடிக்கப் போயிடுற. அதுக்குப் பேருதான் கைப்பழக்கம்."

"குழாய்க்கடைக்காரர் பக்கத்துல 'ராத்திரி பூரா தண்ணி சொட்டுது'ன்னு ஒரு வரி சேத்து மேல ஏத்துனது யாரு?"

"நீதான். ஏன் ஏறுச்சுன்னு கேட்டா முழிப்ப. இன்னொரு தடவை ஏத்திக் காட்டுன்னா ஓடிடுவ."

அவர்களுடைய தாய்மாமன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மதியம் அந்தப் பக்கம் வந்தால் இந்த வழக்கைக் கேட்டுவிட்டுத்தான் போவார். "வண்டி ஓடுதில்ல? ஏன் ஓடுதுன்னு நடுரோட்டுல நிறுத்தி ஆராய்ச்சி பண்ணாதீங்க," என்பார்.

ஆராய்ச்சிக்கு ஒரு விதி இருந்தது. அதை வகுத்தவள் அக்கா. ஒரு பக்கத்தில் ஒரு மாற்றம் செய்தால் ஏழு நாள்கள் அதில் எவரும் கைவைக்கக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதனால் ஏறியது, எதனால் இறங்கியது என்று ஒருபோதும் அறிய முடியாது. ஒருமுறை பல் மருத்துவரின் பக்கத்தில் மூன்றாம் நாளே தம்பி கைவைத்தான். இரண்டாம் இடத்தில் இருந்த பக்கம் பதினெட்டாம் இடத்துக்குப் போயிற்று. இருவரும் காரணம் தெரியாமல் இரண்டு மாதம் திண்டாடினார்கள். அன்று அக்கா ஒரு தாளில் 'சோதனை நடக்கிறது. தொடாதே' என்று பெரிதாக அச்சிட்டாள். எந்தப் பக்கம் சோதனையில் இருக்கிறதோ அதன் பெயரையும், சோதனை முடியும் நாளையும் கீழே எழுதித் தம்பியின் கணினித் திரையின் நெற்றியில் ஒட்டிவிடுவாள். அவனும் முணுமுணுத்துக்கொண்டே பொறுத்துக்கொள்வான்.

அலுவலகத்தின் முன்னறையில், கண்ணாடிக் கதவை ஒட்டிய நாற்காலியில், அவர்களுடைய அம்மா உட்கார்ந்திருப்பார். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் இணைப்புக் கொடுத்தவர். நினைவு தேய்ந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. பிள்ளைகளின் பெயர்களும் வீட்டின் வழியும் சாப்பிட்டதும் சாப்பிடாததும் போய்விட்டன; வேலை மட்டும் போகவில்லை. யார் எதைக் கேட்டாலும், "லைன்லயே இருங்க, தரேன்" என்பார். பெயரைக் கேட்டால், தாம் வேலைபார்த்த இணைப்புப் பலகையின் எண்ணைச் சொல்லி, "நாலாம் நம்பர் போர்டு" என்பார். எதனோடும் இணைக்கப்படாத பழைய காதணிபேசி (ஹெட்செட்) ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, வருவோரையெல்லாம் அப்படியே நிறுத்திவைப்பார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ஒருநாள் அதை உண்மையென்று எண்ணி இருபது நிமிடம் நின்றிருக்கிறார். "மேடம் இன்னும் லைன் கொடுக்கலியே" என்று அவர் உள்ளே எட்டிப் பார்த்தபோது தம்பி சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டான். அக்கா சிரிக்கவில்லை. முப்பத்தோர் ஆண்டுகள் ஊரையே பேசவைத்த ஒரு பெண்ணை வேடிக்கைப் பொருளாக்குவது அவளுக்குப் பொறுக்கவில்லை.

மார்ச் நான்காம் நாள் முற்பகலில், குடிநீர்க் கேன் கொண்டுவந்தவர் கண்ணாடிக் கதவைச் சாத்தாமல் போனார். அக்கா தன் அறையில் ஒரு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி வெளியே வாடிக்கையாளர் ஒருவரின் கடையில் இருந்தான். பத்து இருபதுக்கு அக்கா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது நாற்காலியில் காதணிபேசி மட்டும் இருந்தது.

அவள் அழைத்ததும் தம்பியும் மாமாவும் வந்துசேர, தெருவின் இரு முனைகளுக்கும் ஓடினார்கள். பேருந்து நிலையத்தில் கேட்டார்கள். காவல்நிலையத்தில் எழுதிக் கொடுத்தார்கள். மாமா பணிமனையில் சொல்லி, புறப்படும் பேருந்துகளின் பின்கண்ணாடியில் ஒட்டப் படம் அச்சடிக்கப் போனார். மாலை நான்கு மணிக்கு அக்கா கணினியின் முன் உட்கார்ந்தாள். அழுவதற்கு அப்போது அவளுக்கு நேரமில்லை. தெரிந்த தொழில் ஒன்று கையில் இருந்தது.

அவள் தன் வாழ்நாளிலேயே சிறந்த பக்கத்தை அன்று அமைத்தாள். 'காணவில்லை: 68 வயதுப் பெண்' என்ற தலைப்பும், அதை ஒட்டி ஊரின் பெயரும். அம்மாவின் முழுப்பெயர், உயரம், பச்சை உடை, பழுப்புக் காலணி, இடக்கன்னத்து மச்சம், மூன்று படங்கள், தொடர்பு எண். எந்தக் கைப்பேசியிலும் இமைப்பொழுதில் திறக்கும்படி செய்தாள். பன்னிரண்டு ஆண்டுகளில் பழகிய வாடிக்கையாளர் அனைவரையும் அழைத்து, அவரவர் பக்கத்திலிருந்து இதற்கு ஓர் இணைப்புக் கொடுக்கச் சொன்னாள்; இணைப்புகள் கூடினால் பக்கம் மேலே ஏறும்.

தம்பி பின்னால் நின்று படித்தான்.

"அக்கா, அம்மா என்ன சொல்லும்னு இதுல இல்லியே."

"என்ன சொல்லும்?"

"'லைன்லயே இருங்க'ன்னு சொல்லும். 'நாலாம் நம்பர் போர்டு'ன்னு சொல்லும். அதைப் போடு."

அக்கா அந்தச் சொற்களைக் கருவியில் இட்டாள். மாதத்துக்கு எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற கட்டத்தில் பூச்சியம் வந்தது. திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"ஒருத்தர்கூட தேடல. 'காணாமல் போன பெண்' ஆயிரத்து இருநூறு பேர்."

"அதைத் தேடுறவங்க யாருக்கா? நம்மள மாதிரித் தொலைச்சவங்க. கண்டெடுத்தவன் எதுக்கு 'காணாமல் போன'ன்னு தட்டப்போறான்? அவனுக்குத்தான் காணாம போகலையே, எதிர்லயே உக்காந்திருக்கே. அம்மா வாயிலேருந்து என்ன வருதோ அதைத்தான் தட்டுவான். மருந்துக்கடைல பாத்திருக்கேன்."

"இது மருந்துக்கடை இல்ல. சம்பந்தமில்லாத வரியைச் சேர்த்தா பக்கம் எதைப் பத்தினதுன்னு தேடுபொறிக்குக் குழப்பம் வரும்."

"அப்போ தனியா ரெண்டாவது பக்கம் போடுறேன்."

"ஒரே விஷயத்துக்கு ரெண்டு பக்கம் போட்டா ஒண்ணை ஒண்ணு இழுத்துக் கீழ தள்ளும். உனக்கே தெரியும்." பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "அம்மாவைப் பைத்தியம்னு ஊருக்கே எழுதிக் காட்டணுமாடா?"

தம்பி தன் நாற்காலிக்குத் திரும்பினான்.

வியாழக்கிழமை காலை பக்கம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அக்கா அந்தத் தாளை எடுத்து, கீழே 'அம்மா' என்று எழுதி, அன்றிலிருந்து ஏழு நாள் எண்ணி 'பதின்மூன்றாம் நாள் வரை' என்றும் எழுதி, தம்பியின் திரையில் ஒட்டினாள். முதலிடம் போய்விடுமோ என்ற ஒரே பயம் அவளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

மதியம் மாமா வந்தார். மூன்று நாள் மழித்துக்கொள்ளாத முகம், கையெல்லாம் பசை.

"நூத்தி அறுபது பஸ்ஸுல ஒட்டிட்டேன். நீங்க எது வரைக்கும் வந்திருக்கீங்க, கண்ணு?"

"முதல் இடம், மாமா."

"முதல் இடம்னா?"

"யார் தேடினாலும் நம்ம பக்கம்தான் முதல்ல வரும். நேத்திலேருந்து நானூத்திப் பன்னிரண்டு பேர் பாத்திருக்காங்க."

மாமா வரைபடத்தின் ஏறுகோட்டைச் சற்று நேரம் பார்த்தார். "நல்லா ஏறியிருக்கு," என்றார். பிறகு, "இந்த நானூறு பேர்ல எங்கக்காவைப் பாத்தவங்க எத்தனை பேரு?" என்று கேட்டார்.

அந்தக் கணக்கு எந்தக் கட்டத்திலும் இல்லை.

வெள்ளி, சனி இரண்டு நாள்களும் எண்கள் ஏறின. தொலைபேசி ஒலித்தது, அழைத்தவர்களில் பாதிப்பேர் பரிதாபப்பட்டார்கள், மீதிப்பேர் தங்கள் வீட்டில் காணாமற்போனவர்களைப் பற்றி அழுதார்கள். தம்பி சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. அதை இருவரும் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி பக்கத்தைத் திருத்தும் சாளரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்கா வாசலில் நின்றாள்.

"என்ன பண்ற?"

"ரெண்டே வரிக்கா."

"வியாழன் வரைக்கும் பொறு. முதல் இடத்தை விட்டா திரும்பப் பிடிக்க முடியாது. பல் டாக்டர் விஷயம் மறந்துட்டியா?"

அவன் சாளரத்தை மூடினான். பல் மருத்துவர் பக்கத்துக்குப் பிறகு மூத்தவள் பேச்சைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை, பழகியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பதின்மூன்றாம் நாள், ஏழு நாள் முடிந்தது. முதலிடம் முதலிடமாகவே இருந்தது, அம்மா வரவில்லை. அக்கா தானே அந்தத் தாளை உரித்தெடுத்து, "இப்போ உன் இஷ்டம்," என்றாள். தம்பி இரண்டு வரிகளைச் சேர்த்தான்: 'எதைக் கேட்டாலும் லைன்லயே இருங்க, தரேன் என்பார். பெயர் கேட்டால் நாலாம் நம்பர் போர்டு என்பார்.' வேறு எதையும் மாற்றவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. அக்கா எடுத்தாள். ஒரு பெண்குரல், இரண்டு மணிநேரப் பயணத் தொலைவிலுள்ள வேறோர் ஊரின் பெயரைச் சொல்லி, அங்குள்ள அரசு மருத்துவமனையில் தாம் செவிலி என்றது.

"இந்தப் பக்கத்துல இருக்கிற அம்மா உங்க அம்மாவா?"

"ஆமா. எங்க இருக்காங்க?"

"நீங்க யாராவது பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்கம்மா," என்றது குரல்.

அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. அவளைவிடப் பெரியவராக மாமா ஒருவர்தான் இருந்தார். மூவரும் புறப்பட்டுப் போனார்கள்.

பிணவறையில் அடையாளம் காட்டும் சடங்கு முடிய அரைமணி ஆயிற்று. மாமா சுவரைப் பிடித்தபடி உள்ளேயே நின்றுவிட்டார். செவிலி மற்ற இருவரையும் பெண்கள் பிரிவின் ஓரத்திலிருந்த பலகையில் உட்காரவைத்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். சட்டைப்பையில் மூன்று பேனாக்கள்.

"சனிக்கிழமை பேருந்து நிறுத்தத்துல மழையில நனைஞ்சிட்டு நின்னிருக்காங்க. யாரோ கொண்டுவந்து சேர்த்தாங்க. நெஞ்சுல சளி கட்டியிருந்தது. போலீசுக்கு எழுதிக் கொடுத்தோம். அந்தக் காகிதம் உங்க ஊருக்கு எப்ப வந்து சேருமோ. புதன்கிழமை மதியம்…" அவர் நிறுத்தினார்.

"கஷ்டப்பட்டாங்களா?" என்றான் தம்பி.

"கடைசி நாள் மட்டும்தான். செவ்வாய்க்கிழமைகூட நல்லாப் பேசிட்டிருந்தாங்க. எங்க டாக்டரையே லைன்ல நிறுத்தி வச்சாங்க. பெரிய ஆளும்மா உங்க அம்மா." அவர் கைப்பேசியை எடுத்தார். "ஒரு விஷயம் எனக்குப் புரியல. நான் செவ்வாய்க்கிழமையும் தேடினேனே. அப்போ இந்தப் பக்கம் இல்லையா?"

"இருந்துச்சு," என்றாள் அக்கா.

"எனக்கு வரல. மூணு தடவை தேடினேன்." திரையில் பழைய தேடல்களின் பட்டியல், நேரத்தோடு இருந்தது. செவ்வாய், ஒன்பதே கால்: 'நாலாம் நம்பர் போர்டு என்று சொல்லும் வயதான அம்மா.' ஒன்பது இருபது: 'லைன்லயே இருங்க தரேன் என்று சொல்பவர் யார்.' ஒன்பது முப்பது: மருத்துவமனை இருந்த ஊரின் பெயரும் 'பெயர் தெரியாத அம்மா' என்பதும். "உங்க ஊருன்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க ஊரைத்தான் போட்டேன். இன்னைக்கு, இறப்புப் படிவத்துல பேரு எழுதணுமேன்னு, மனசு கேக்காம மறுபடியும் முதல்ல தட்டினதையே தட்டினேன். உடனே வந்துடுச்சு. முதல்லயே வந்துச்சு."

அக்கா அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே கேள்வி. அதே கைப்பேசி. அதே பக்கம். இடையில் மாறியது இரண்டே வரி. பன்னிரண்டு ஆண்டுகளாக எத்தனையோ சோதனை நடத்தியிருக்கிறாள். இவ்வளவு ஐயமற்ற முடிவு ஒன்றுகூட அவளுக்குக் கிடைத்ததில்லை. ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றைத் தொடாதே, காத்திரு, பார். அவள் வகுத்த விதிப்படியே நடந்திருந்தது. பூச்சியம் என்று கருவி காட்டிய இடத்தில் ஒருவர் இருந்தார்; அவர் சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்தார்; அம்மாவின் நெற்றியில் கைவைத்துப் பார்த்திருந்தார். உலகத்தில் ஒரே ஒருவர், ஒரே ஒரு காலையில் தேடப்போவதை மாதச் சராசரியில் எப்படிக் காண்பது?

"செவ்வாய்க்கிழமை நீங்க கூப்பிட்டிருந்தா பதினொண்ணரைக்கு நாங்க இங்க இருந்திருப்போம்," என்றாள் அக்கா. அவள் குற்றம் சாட்டவில்லை. ஓர் அளவைச் சொல்வதுபோல் சொன்னாள். செவிலி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வாகனங்கள் நிறுத்தும் இடத்தில், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருவரும் மாமாவுக்காகக் காத்திருந்தார்கள். வெயில் கொளுத்தியது.

"நீதான்டா சரி," என்றாள் அக்கா. "நாலு வருஷம் மருந்துக்கடைல நின்னவனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. இது கைத்தொழில்தான். ஒத்துக்கிறேன். திட்டு."

தம்பி தலையை ஆட்டினான். "கைத்தொழில்னா கைக்குத் தைரியம் வேணும்க்கா. எனக்குத் தோணுச்சு, அவ்ளோதான். ஞாயித்துக்கிழமை கீபோர்டுல விரலை வச்சிட்டிருந்தேன். நீ சொன்னதும் எடுத்துட்டேன். எனக்குத் தோணினதை நானே நம்பியிருந்தா உன் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டிருக்க மாட்டேனா? உன் எண்ணு தப்பா இருந்தா அடுத்த வாரம் திருத்திப்ப. நான் எதைத் திருத்துறது?"

"எண்ணு மட்டும் இல்லடா." அவள் திறந்திருந்த கதவில் சாய்ந்துகொண்டாள். "அந்தப் பூச்சியம் வந்தப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அம்மா அப்படிப் பேசுதுன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாம்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். அதுக்கு ஒரு எண்ணு கிடைச்சது, அவ்வளவுதான். அதை விஞ்ஞானம்னு உன்கிட்ட சொன்னேன்."

தம்பி அவள் அருகே வந்து, சிறுவயதில் நின்றதுபோல் தோளோடு தோள் ஒட்டி நின்றான். மாமா படியிறங்கி வருவது தெரிந்தது. பாதியில் நின்று, தம் கையில் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டினார், மீண்டும் நடந்தார்.

அந்தப் பக்கம் இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. எடுத்துவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. அத்தொழில் அறிவியலா, கைத்தொழிலா என்று அந்த அலுவலகத்தில் இப்போது ஒருவரும் வாதிடுவதில்லை.

ஆனால் இதைப் படித்த உங்களிடம் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. நாளைக்கு என்று தள்ளிவைக்காதீர்கள். உங்கள் வீட்டில் வழிதவறக்கூடியவர் ஒருவர் இருப்பார். அவருடைய பெயர், உயரம், உடையின் நிறம் ஆகியவற்றை நீங்கள் அறிவீர்கள்; அவற்றை ஒருபுறம் வையுங்கள். அவரை முன்பின் அறியாத ஒருவர், நீங்கள் அறியாத ஓர் ஊரில், அவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த மனிதரின் காதில் எது விழும்? அதை, அது எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும், எவ்வளவு வெட்கமாக இருந்தாலும், ஒரு சொல்லையும் அழகுபடுத்தாமல், இன்றே, இப்போதே, ஒரு தாளில் எழுதி வையுங்கள்.